பொனற்றுக்குள் இருக்கிற உது

எங்கள் பிக்கப் வண்டியின் எஞ்சினை மூடுகிற பொனற்றுக்குள், பற்றரிக்கும் மட்காட்டுக்கும் நடுவில், தகர டின் மாதிரி ஒரு கறுப்புப் பேணி இருக்கிறது. எஞ்சின் விடுகிற மூச்சோடு எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வரும். அதை இடையில் மறித்து, எண்ணெயைத் தன் வயிற்றில் தேக்கிவைத்துக்கொண்டு, காற்றை மட்டும் போகவிடுவதுதான் பேணியின் வேலை. இங்கிலீசில் அதற்கு ஒரு பெயர் உண்டு. தமிழில் யாரும் வைத்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் உது.

இப்போதைய புத்தகத் தமிழில் இதுவும் அதுவும்தான் இருக்கின்றன. எங்கள் ஊர்க்காரர் வாயில் நடுவில் இன்னொன்று உண்டு. எனக்குக் கிட்ட இருந்தால் இது, இரண்டு பேருக்கும் தூரம் என்றால் அது, என்னோடு கதைக்கிற ஆளுக்குக் கிட்ட இருந்தால் உது. வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 'உன் பக்கத்தில் இருக்கிறது' என்பதை ஒரே எழுத்தில் சொல்லிவிடுகிற வசதி அவர்களுக்கு இல்லை.

பேணி வந்தது என் கணவரின் பிடிவாதத்தால். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றுவதற்காக, இரண்டாம் கையாக வாங்கிய பிக்கப் அது. கொஞ்ச நாளில் இழுவை குறைந்தது. வண்டி திருத்துகிற கராச்சில் காற்றுப் போகிற குழாயைக் கழற்றிக் காட்டினார்கள். எண்ணெயும் கரியும் சேர்ந்து, அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து இவர் சாப்பிடும்போதும் தொலைபேசியில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது. திறந்து பார்த்தால், உள்ளே இந்தப் பேணி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெங்காயம் ஏத்திற வண்டிக்கு இந்த நகையெல்லாம் என்னத்துக்கு?" என்றேன்.

"நகையில்லையப்பா. வண்டியின்ரை நெஞ்சுச் சளியைப் பிடிக்கிற சாமான்," என்றார்.

முற்றத்தில் வண்டியை விட்டு, பழைய யன்னல் சட்டத்தில் வெட்டிய அலுமினியத் தகட்டை வளைத்து, பேணிக்கு இருப்பிடம் செய்தார். எஞ்சின் மூடியிலிருந்து பேணிக்கு ஒரு ரப்பர் ஓஸ், பேணியிலிருந்து காற்றுக் குழாய்க்கு இன்னொன்று. மார்புவரை பொனற்றுக்குள் புதைந்துகொண்டு, ஒரு கையால் ஓஸைப் பிடித்தபடி, மற்றக் கையைப் பின்னுக்கு நீட்டினார்.

"இஞ்சேர், உதைத் தாரும்."

என் ஒரு கையில் பேணி, மற்றதில் கிளிப்புகள், கமக்கட்டுக்குள் ஸ்குறூ திருப்பி. கிளிப்பைக் கொடுத்தேன்.

"உதில்லை, உது!"

ஸ்குறூ திருப்பியைக் கொடுத்தேன்.

"ஐயோ, உதுமில்லை, உது!"

"எதெண்டு பேரைச் சொல்லுங்கோவன்!"

"பேர் ஆருக்குத் தெரியும்? எல்லாம் உம்மடை கையிலை கிடக்கேக்கை நான் வேறை எப்பிடிச் சொல்லிறது?"

அதில் நியாயம் இருந்தது. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பேணியை அவர் உள்ளங்கையில் அடிக்காத குறையாக வைத்தேன். அதற்குப் பிறகு உது என்பது அதன் பெயராகிவிட்டது. சந்தையால் வந்ததும், "உதை ஊத்தவேணும்" என்பார். நான் கேலியாக, "உதுக்குப் பசியோ?" என்பேன். இப்படிச் சின்னச் சின்னப் பகிடிகளில்தான் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் கட்டார் நாட்டுக்குப் போனார். அங்கே ஒரு கட்டட வேலைத்தளத்தில் ஜெனரேற்றர் பார்க்கிற வேலை. வீட்டுக்குக் கூரை போடுகிறவரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனவர். கூரை போட்டாயிற்று, சீமெந்து பூசியாயிற்று, பெயின்ற் அடித்து, அந்தப் பெயின்ற்றும் மழையில் வெளிறத் தொடங்கிவிட்டது. ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒருக்கா" என்பார். நான் "சரி" என்பேன். குழம்பில் உப்புக் குறைந்ததற்கே அரை நாள் ஏசக்கூடிய வாய் எனக்கு. ஆனால் 'வாங்கோ' என்ற ஒரு சொல்லை மட்டும் அது சொல்லவில்லை. மனுசனுக்குத் தானாக வரத் தோன்ற வேண்டும், நான் கேட்டு வருவது என்ன வருகை என்ற வீம்பு.

வண்டியை நானே ஓட்டினேன். முதலில் சந்தையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு அலுத்துப்போய், "அக்கா, கொஞ்சம் பின்னாலை எடுங்கோ" என்று கத்தத் தொடங்கினார்கள். அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் போன பிறகு முதல்முறை உதைக் கழற்றியது ஒரு கூத்து. அப்போது முகம் பார்த்துக் கதைக்கிற வசதி அவருடைய அறையில் இல்லை, குரல் மட்டும்தான்.

"பற்றரிக்குப் பக்கத்திலை உந்த ஓஸ் தெரியுதோ? உதைக் கழட்டும்."

கழற்றினேன். டீசல் பீறிட்டு என் சட்டையை நனைத்தது.

"உதில்லையப்பா, உது!"

"எனக்குப் பக்கத்திலை இருக்கிறதெல்லாம் உங்களுக்கு உதுதானே! எந்த உது?" என்று நான் கத்த, அவர் அங்கே சிரிக்க, டீசல் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுச் சட்டையைத் தோய்க்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

இப்போது எனக்கு அது கைவந்த வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேணியின் அடிப்பாகத்தைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். தேங்கியதைப் போத்தலில் ஊற்றிவிட்டு, உள்ளே இருக்கிற கம்பி வலையை மண்ணெண்ணெயில் கழுவி, ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, திரும்பவும் கையாலேயே இறுக்க வேண்டும். ஸ்பானர் சாவி போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்ற ஆள் தேட வேண்டிவரும். கோடையில் ஊறுவது கறுப்பாக, பனம்பாணிபோல இருக்கும். மாரியில் ஈரமும் சேர்ந்து பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். அதைக் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகமாட்டேன். கறுப்பு எண்ணெயை வாசல் படலையின் மரத்துக்குப் பூசுவேன், கறையான் அண்டாது.

வேலைத்தளத்தில் இணைய வசதி வந்த பிறகு, உதைக் கழற்றுகிற நாளில் வீடியோவில் கதைப்போம். தொலைபேசியை மட்காட்டில் சாய்த்து வைப்பேன். ஊற்றி முடிந்ததும், "காட்டும் பாப்பம்" என்பார். போத்தலைத் தூக்கிப் பிடிப்பேன். நிறம் பார்க்க அவர் திரைக்குக் கிட்டே குனிவார். அப்போது அவருடைய முகம் திரை முழுக்க வரும். இமையில் நரைத்த ஒற்றை மயிர்கூடத் தெரியும். அவர் பார்க்கிறது எண்ணெயைத்தான், எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் கை உளைகிறவரைக்கும் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"உங்கை மழையோ?" என்று கேட்பார். "உந்த மாமரம் பூத்திட்டுதோ?" என்று கேட்பார். வீடும் கிணறும் படலையும் அவருக்கு உது. நான் இருக்கிற இடம் அவருக்கு உங்கை. சரியான தமிழ்தான், பிழை பிடிக்க முடியாது. என் வாயிலோ எல்லாமே இது. இது நிரம்பிவிட்டது, இது கசிகிறது, இதைக் கழுவிவிட்டேன். பெயர்தான் உது என்றாலும், அவரோடு கதைக்கும்போது வாய் தானாக இது என்றுதான் போகும். உது என்று நான் சொல்ல வேண்டுமென்றால் அது அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு அவர் இங்கே இருக்க வேண்டும். ஒரு எழுத்துக்காக இந்த வயதில் ஏங்குகிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வரும். எழுத்துக்காக இல்லை. எனக்கு அவர் வேண்டும்.

இந்த மாரியில் அவருடைய ஒப்பந்தம் திரும்பவும் முடிகிற நேரம் வந்தது. "புதுக் கடதாசி தந்திருக்கிறாங்கள்," என்று போகிறபோக்கில் சொன்னார். "ஓ, அப்பிடியோ," என்று நானும் போகிறபோக்கில் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவர் கையெழுத்து வைத்துவிட்டாரோ என்ற கேள்வி மட்டும் என்னோடு வண்டியில் ஏறி இறங்கியது.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு பின்னேரம் பொனற்றைத் திறந்தேன். சூட்டில் ஓஸ் இறுகி வெடித்திருந்தது. கராச்சில் வாங்கிவந்த புது ஓஸை மாற்றுவதற்காக, பேணியை முழுதாகக் கழற்றி மட்காட்டில் வைத்தேன். பேணியில் தொலைபேசியைச் சாய்த்துவிட்டு, அவரோடு கதைத்துக்கொண்டே உள்ளே குனிந்தேன். புது ஓஸ் சண்டித்தனம் பண்ணியது. குழாயில் ஏறமாட்டேன் என்றது. ஒருவாறு தள்ளி ஏற்றி, நழுவாமல் அமத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்னுக்கு நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ, உதைத் தாங்கோ."

யோசித்துச் சொல்லவில்லை. பேணி தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தது, தொலைபேசிக்குள் அவர் இருந்தார், வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"இந்தாரும்," என்று உடனே பதில் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். திரை முழுக்க அவருடைய உள்ளங்கை. அவரும் யோசிக்காமல்தான் கையை நீட்டியிருக்கிறார். ரேகைகளுக்குள் கரி ஏறியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே நான் அறியாத ஒரு தழும்பு இருந்தது. என் கை இந்தப் பக்கம் வெறுமையாக நீண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எதற்கும் சிரிக்கிற ஆட்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

கையை மெல்ல எடுத்தார். முகம் வந்தது.

"கடதாசி இஞ்சை மேசையிலைதான் கிடக்கு. இன்னும் கையெழுத்து வைக்கேல்லை."

"உதைக் கிழிச்செறிஞ்சுபோட்டு வாங்கோ," என்றேன். என் குரல் எனக்கே பிடிபடவில்லை. "எனக்கு ஏலாதப்பா. வாங்கோ."

மேசைப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஓம்," என்றார்.

எங்கள் ஆட்கள் சம்மதத்துக்கும் ஓம் என்பார்கள், கேட்டது விளங்கியது என்பதற்கும் ஓம் என்பார்கள், பார்ப்போம் என்பதற்கும் ஓம் என்பார்கள், கதையை விடு என்பதற்கும் அதே ஓம்தான். அது எந்த ஓம் என்று நான் கேட்கவில்லை. பேணியை நானே எட்டி எடுத்துப் பூட்டி, கிளிப்பை இறுக்கி, எஞ்சினைப் போட்டுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

உது இப்போது திரும்ப ஊறிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை பொனற்றைத் திறக்கும்போது நான் கையைப் பின்னுக்கு நீட்டத்தான் போகிறேன். அந்தக் கையில் அவர் கையால் உது வந்து சேராவிட்டால், அந்த மனுசனுக்கு என்னிடம் நல்ல ஏச்சு விழும்.