படம் ஒட்டாத கட்டம்

என் மேசை இழுப்பறையில் பச்சை அட்டை போட்ட ஒரு பதிவேடு கிடக்கிறது. நாற்பது பக்கம். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், செய்த வேலை எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் இருக்கும். வலது ஓரத்தில் புகைப்படம் ஒட்டுவதற்கான கட்டம் மட்டும் நாற்பதிலும் காலி. பல வருடமாகிவிட்டது, தூக்கிப்போட மனம் வரவில்லை.

அதை எழுதியவரை வகுப்பே அக்கா என்றுதான் கூப்பிட்டது. ஆசிரியையான நானும் அப்படியே. எங்கள் சமுதாயக் கல்லூரியில் நோயாளர் பராமரிப்புப் பட்டயம் படிக்க மல்லசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை, மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்தால் நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பாடத்தோடு, கல்வி இணைச் செயல்பாடாக நாற்பது நாள் சமூக சேவையும் செய்து அதிலும் தேறினால்தான் சான்றிதழ். அதற்கு மதிப்பெண் போடுவது என் பொறுப்பு.

மற்ற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒரே துடைப்பத்தை மாற்றி மாற்றிப் பிடித்து, சட்டையையும் மாற்றிக்கொண்டு படமெடுத்து, ஒரே மத்தியானத்தில் நாற்பது நாளுக்கும் பஸ் நிலையத்தைச் சுத்தம் செய்துவிட்டார்கள். அக்காவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வேலைக்குப் போன இடத்தில் கழுத்தெலும்பு முறிந்து, தலையைத் தவிர எதையும் அசைக்க முடியாமல் கிடந்தார். அவர் மனைவி விடியற்காலையிலேயே தறிக்குப் போய்விடுவார். அதன்பின் அவருக்கு உடம்பு துடைத்து, புண்ணுக்கு மருந்து வைத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத்தான் அக்கா பஸ் ஏறுவார். ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். படுக்கைப் புண் ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் பாடப் புத்தகத்தில்கூட அவ்வளவு சுத்தம் இல்லை.

"படம் எங்கே அக்கா?" என்று கேட்டேன்.

"அவரு துணியில்லாமக் கெடக்கற நேரமுங்க மேடம். செல்போன எடுத்தாலே மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கறாருங்க. அவரால ஆவறது அது ஒண்ணுதானுங்களே."

முதல்வர் நல்லவர். அந்த மனைவி கைநாட்டு வைத்துத் தந்த கடிதமே போதும் என்றார். ஆனால் படம் ஏற்றாமல் மதிப்பெண்ணைக் கம்ப்யூட்டர் வாங்க மறுத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அதேதான். மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

கடைசி நாளன்று, யாருக்காவது தண்ணீர் கொடுப்பதுபோல் நாலு படமாவது எடுத்து வாருங்கள் என்று நானே சொன்னேன். சொல்லும்போதே கூசியது. அக்கா கோபப்படவில்லை.

"செஞ்சதுக்குப் படமில்லீங்க. செய்யாததுக்கு எதுக்குங்க மேடம் படம்?"

அன்று சாயங்காலம் பூஜ்யம் என்று அடித்தேன். கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது. பூஜ்யத்துக்குப் படம் தேவையில்லை. நாமக்கல் வேலை வேறு யாருக்கோ போனது. அக்கா தறிப் பட்டறையில் நூல் சுற்றப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்த வருடம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்தின் மூலம் ஒரு பெண் வருகிறாள். எங்கள் கல்லூரியில் படித்தவள்தான். அந்தப் பஸ் நிலையத் துடைப்பத்துக்கு இவளுக்கு நான் நூற்றுக்கு நூறு போட்டிருந்தேன். முதல் நாள் அப்பாவின் உடம்பைத் துடைக்கத் தொடங்கியவள், பாதியில் போனை எடுத்தாள்.

"அப்பாரு, ஒரு நிமிசம் இங்க பாருங்க சாமி. படம் அனுப்புனாத்தானுங்க மேடம் நான் வந்ததாக் கணக்கு."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். படம் போகாவிட்டால் அவளுக்கு அன்றைய கூலி இல்லை. அவள் வராவிட்டால் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க எனக்குத் தெம்பில்லை. கட்டிலருகே போய், அப்பாவின் தாடையைப் பிடித்து, மெல்ல இந்தப் பக்கம் திருப்பினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பச்சைப் பதிவேட்டை நான் திறந்து பார்க்கவில்லை.