எக்ஸ்ரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு வேலைக்கு வேண்டிய பேச்சு மொத்தம் நாலே வாக்கியம்: நகையைக் கழட்டுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, விட்டுடுங்க, மத்ததை டாக்டர் சொல்வார்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஐந்து வருடமாக இந்த நாலையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரிப்போர்ட் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், இப்போது நானும் அந்த பெஞ்சில்தான் இருக்கிறேன்.

என் மகளுக்குப் பத்து மாதம். சளிக்குக் காட்டப்போன இடத்தில் குழந்தை டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தவர் எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, ஒரு சத்தம் வருகிறது, இதயத்தில் ஓட்டையாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்து வாங்க என்றார். திங்கட்கிழமை எடுத்தாயிற்று. படத்தைப் பார்த்துவிட்டு, வேலூரில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துட்டுப் பேசலாம் என்று முடித்துக்கொண்டார். வியாழக்கிழமை போகிறோம். படம் கவரோடு பீரோ மேலே இருக்கிறது. ஊரார் உள்ளுறுப்பையெல்லாம் பார்க்கிற நான் அதை இன்னும் பிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் தூங்குகிறாள். அவள் மூச்சை எண்ணாமல் இருக்க வேண்டுமே, அதற்காக எழுதுகிறேன்.

இதயத்துக்கு ஜீரோ

கான்வென்ட்டில் ஒன்பதாம் வகுப்பு. எலும்பு மண்டலம், நரம்பு மண்டலம், செரிமான மண்டலம் என்று உடம்பை ஒவ்வொன்றாக ரெக்கார்ட் நோட்டில் வரைய வேண்டும். எல்லாவற்றுக்கும் நான் ‘வெரி குட்’ வாங்கியவள். இதயத்தையும் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் என்று அழகாகத்தான் போட்டேன். கீழறை இரண்டுக்கும் நடுவில் சுவர் வரையும்போது பென்சில் முனை உடைந்தது. நெல் அளவுக்கு இடைவெளி. பெல் அடித்துவிட்டதால் அப்படியே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சயன்ஸ் சிஸ்டர் என்னை எழுப்பி நிறுத்தி, நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். “சுவத்துல ஓட்டை விட்டிருக்கா பாருங்க. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்தாச்சு. இவ போட்ட ஆளு செத்துட்டான். ஜீரோ!”

அசல் ஜரிகை

இது பட்டு ஊர். எக்ஸ்ரேவுக்கு வருகிறவர்கள்கூட கல்யாணத்துக்குப் போகிற வழியில்தான் வருவார்கள். ஒருநாள் கண்ணமங்கலத்திலிருந்து ஒரு அம்மா, மூன்று வாரமாக இருமல். மாற்றிக்கொள்ள கவுன் கொடுத்தேன். அதைப் பட்டு ரவிக்கைக்கு மேலேயே போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. படம் திரையில் வந்ததும் டி.பி. என்றே முடிவு கட்டிவிட்டேன். இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன், ஒவ்வொரு புள்ளியும் மாங்காய் வடிவம். ஜரிகைப் புட்டா!

திரும்ப எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். வீட்டுக்காரர் புடவை வியாபாரி. திரையை எட்டிப் பார்த்தவருக்குப் பெண்டாட்டியின் இருமலே மறந்துபோனது. “அடியே, இங்க வந்து பாரு! வெள்ளி இல்லாத ஜரிகைன்னா மிஷின்ல இப்டி உழுமா? நம்ம சரக்க டூப்ளிகேட்டுன்னு சொன்னான் பாரு, அவன இட்டுகினு வந்து காட்றேன் இரு!”

கோணல்

முதுகுப் படம் எடுக்க ஒரு நெசவாளர் வந்தார். பலகையில் முதுகை ஒட்டி நேராக நிற்க வேண்டும். நான்கு தடவை சொன்னேன், தோளைப் பிடித்தும் பார்த்தேன். நாற்பது வருடம் தறிமேல் குனிந்த முதுகு, தோளை ஒட்டினால் இடுப்பு முன்னால் வந்துவிடுகிறது. ஐந்தாவது தடவை அவருக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னாம்மா பேஜார் பண்றே? நான் நேராத்தான் நின்னுகினு கீறேன். உன் பலகைதான் கோணலா கீது.”

மிஷினைப் பார்த்துப் பேசியது

படவேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, மனைவியைக் கூட்டி வந்தார். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பஸ் கிடைக்காமல் நின்ற கதையெல்லாம் அவர் சொல்ல, நானும் சிரித்துப் பேசிக்கொண்டேதான் எடுத்தேன். படம் வந்தது. காற்று உள்ள நுரையீரல் கறுப்பாக விழ வேண்டும்; ஒரு பக்கத்தில் கறுப்பே இல்லை. மொத்தமும் வெள்ளை.

நான் டாக்டர் இல்லை, எதுவும் சொல்லக் கூடாது. ஒன்றும் ஆகாத பிரிண்டரைத் திறந்து மூடினேன். “ஒண்ணும் இல்லதானேம்மா?” என்று பின்னாலிருந்து அவர் கேட்டார். டாக்டர் சொல்வாருங்க என்றேன். குரல்கூட சரியாகத்தான் வந்தது. அவர் மனைவியின் செருப்பைத் தேடி எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். “நீ சொல்லவேணாம்மா. இவ்ளோ நேரம் என்னப் பாத்துப் பேசிகினு இருந்தே. இப்ப மிஷினப் பாத்துப் பேசறே.”

முகப் பாடம்

அன்றிலிருந்து, படம் எப்படி வந்தாலும் மாறாத ஒரு முகத்தைப் பழகிக்கொண்டேன். போன வருடம் தேவகி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். மிஷினைப் பத்து நாளில் கற்றுக்கொண்டாள், முகத்துக்கு ஒரு மாதம் ஆனது. தேவகி வாயாடி. படம் நன்றாக இருந்தால் “சூப்பரு, ஒண்ணும் இல்ல, கெளம்புங்க!” என்று டாக்டருக்கு முன்னால் அவளே கத்திவிடுவாள்.

கெட்ட படத்துக்குத்தான் பாடம். கண்ணைப் பார்க்காதே, நெற்றியைப் பார். திடீரென்று அன்பாகத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காதே, அதிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கையின் வேகம் குறையக் கூடாது. ஆள் இல்லாத நேரத்தில் என்னையே நோயாளியாக நிற்க வைத்துப் பழகினாள். நான் “ஒண்ணும் இல்லதானே?” என்று கேட்க வேண்டும், அவள் என் நெற்றியைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் சிரித்துவிடுவாள். ஒருநாள் சரியாக வந்தது. அவளுக்கே ஆச்சரியம். “அக்கா, இந்த மூஞ்சிய வெச்சிகினு ஊட்டுக்குப் போனா எங்க மாமியாரு சண்டைக்கே வரமாட்டாங்க!”

திங்கட்கிழமை

கைக்குழந்தைக்கு எடுக்கும்போது யாராவது கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது அம்மாவின் வேலை. கதிர் படாமல் காக்கும் ஈய அங்கியை நான் மாட்டிக்கொண்டேன். மகளின் இடுப்புக் கொடியை நானே கழட்டினேன், கழுத்துக் கறுப்புக் கயிற்றையும். ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றேன். தேவகி உள்ளே, நான் வழக்கமாக நிற்கிற திரைக்கு முன்னால்.

பத்து மாதக் குழந்தையிடம் மூச்சைப் பிடி என்று சொல்ல முடியாது. வீறிட்டு அழுகிற அழுகைக்கு நடுவில் மூச்சை இழுக்கும் அந்த அரை நொடியில் அழுத்த வேண்டும். தேவகி சரியாக அழுத்தினாள். அங்கிருந்து திரை எனக்குத் தெரியாது. தேவகியின் முகம் மட்டும் தெரிந்தது. அவள் கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கை வேகம் குறையாமல் பெயரை டைப் செய்தாள், பிரிண்ட் கொடுத்தாள், கதவைத் திறந்துகொண்டு வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டேன். எல்லோரும் கேட்கிற அதே கேள்விதான் என் வாயிலும் வந்தது. ஒண்ணும் இல்லதானே?

தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. குரலிலும் ஒரு மாற்றமும் இல்லை. என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “டாக்டர் சொல்வாருக்கா.”

ஐந்து வருடத்தில் நான் ஓட்டை விடாமல் முடித்த வேலை தேவகிக்கு அந்த முகத்தைச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான், அந்த சயன்ஸ் சிஸ்டர் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.