அச்சிட்டு வைத்த ‘நன்று’

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். வேலையை விட்டுப் போகிற எவருக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் தயாரிப்பது என் பொறுப்பு. அந்தப் படிவத்தில் ‘நடத்தை’ என்பதற்கு எதிரே ‘நன்று’ என்று முன்பே அச்சாகியிருக்கும். பெயரை மட்டும் சேர்ப்போம். கையாடல் செய்து மாட்டியவனுக்கும் அதே ‘நன்று’தான். போகிறவன் வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும் என்கிற தாராள மனசு எங்களுக்கு! தயாரித்தவர் யாரென்று தெரிய, ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருக்கும்.

கோடை விடுமுறையில் எங்கள் மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி நடக்கும். பயிற்சியாளர் கல்லூரிக்குக் கோப்பைகளாக வாங்கித் தந்தவர். அவர் உள்ளே வந்தால் செயலரே எழுந்து நிற்பார்.

ஒரு நாள் காலையில், மீன் விற்கிற ஒரு தாய் என் மேசைக்கு வந்தாள்.

“எக்கா, எம்மவ ஓட மாட்டேங்கா. ஷூவத் தூக்கி வாய்க்கால்ல எறிஞ்சிட்டா. அந்த சார் அவளத் தனியாக் கூப்புட்டு தப்பா நடந்திருக்கான்க்கா. பன்னெண்டு வயசு பிள்ள.”

அவளைச் செயலரிடம் அழைத்துப் போனேன்.

“இங்கேரும்மா, பொம்பளப்பிள்ள விசயம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு அவளுக்குத்தான் கேடு. அவன நாங்க பைய அனுப்பி வச்சிருதோம்” என்றார்.

பாவம் செய்தவன் அவன், வாயை மூடிக்கொள்ள வேண்டியது குழந்தையா? நாக்கு நுனி வரை வந்தது. அந்தத் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அவனுக்கு வழியனுப்பு விழா. சால்வை, கேசரி, மிக்சர், குரூப் போட்டோ. சான்றிதழை நான்தான் அடித்தேன். ஓரத்தில் ஒப்பமும் போட்டேன். கேசரியைத் தொடாததையே பெரிய வீரமாக நினைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

இரண்டு மாதம் கழித்து, திசையன்விளைப் பக்கத்திலுள்ள ஓர் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து போன் வந்தது.

“உங்க சான்றிதழப் பாத்துத்தாம்மா அவர சேத்தோம். பிள்ளைகளோட விடுதியிலேயே தங்கிக்கிடுதாரு, தங்கமான மனுசன். எத்தன வருசம் அங்கன வேல பாத்தாருன்னு மட்டும் சொல்லுங்க.”

“அவன மொதல்ல வெளிய அனுப்புங்க!” என்று கத்தினேன். மொத்த அலுவலகமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நடந்ததை முழுவதும் சொன்னேன்.

அன்றைக்கே அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. “இப்பவாது வந்தியளே” என்றாள். மகளையும் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். விசாரணையில்தான் தெரிந்தது, அதற்குள் அந்த இல்லத்திலும் இரண்டு பிள்ளைகள்.

“தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணிட்டியேம்மா” என்றார் செயலர். அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்தப் பெரிய மனிதர்.

போன மாதம் சாட்சிக் கூண்டில் நின்றேன். அவனுடைய வக்கீல் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார்.

“இது உங்கள் ஒப்பம்தானே? நடத்தை நன்று என்று நீங்கள்தானே கொடுத்தீர்கள்?”

“ஆமாய்யா, பொய்யின்னு தெரிஞ்சே குடுத்தேன். அந்த ரெண்டு பிள்ளைக இருந்த எடத்துக்கு அவன அனுப்பி வச்சது இந்தக் கைதான். அதையும் எழுதிக்கிடுங்க.”