மழைக்காலத்தில் மெலிகிறவர்

அரை இஞ்சு என்ற பேரை நான் முதலில் கேட்டது எங்கள் சித்தப்பா வாயால். அவருடைய மூத்த மருமகளின் தாய்மாமன் மகன்தான் ஆள். என் தங்கைக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த சமயம் அது.

"பையன் டெய்லர். யாருக்கு அளவெடுத்தாலும் 'அரை இஞ்சு விட்டே தைக்கிறேன், உடம்பு நாளைக்கு எப்படி இருக்குமோ'ன்னு சொல்லுவான். அதனால அரை இஞ்சுன்னே பேரு நின்னு போச்சு" என்றார் சித்தப்பா. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த ஆள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது கல்யாணமாகி முதல் மழைக்காலத்தில்தான் தெரிந்தது.

வெயில் நாளில் அவரைப் போல ஒருத்தர் கிடையாது. தைத்துக்கொண்டே பாடுவார், வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பார். வானம் மூடி ஒரு வாரம் ஆனால் போதும், ஆளே மாறிவிடுவார். மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், கால் மட்டும் மிதிக்காது. கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் உடம்பில் ஏதாவது ஒன்று கிளம்பும். ஒரு வருஷம் நெஞ்சு, ஒரு வருஷம் தொண்டை, ஒரு வருஷம் இடது கால் கட்டைவிரல். ஒரு கையால் இன்னொரு கையின் நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மழை விட்டதும் அதுவும் விட்டுப்போகும்.

அப்படி ஒரு மழையில்தான், இனிமேல் முடியாது என்று கடைவீதியில் இருந்த கடையை விட்டுவிட்டார். வெயில் வந்த பிறகு தினம் காலையில் அந்த வாசல்வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தார். வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டு மறுபடி ஆரம்பிக்க என் தங்கை பட்ட பாடு எனக்குத் தெரியும். இன்னொரு தடவை அப்படி நடந்தால் தாங்கமாட்டாள்.

நாங்கள் அவரைக் காட்டிய டாக்டரம்மா நல்லவர். எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்ல. மழை மாசத்துல மனசு இறங்குது, அதுவும் ஒரு நோய்தான், வெட்கப்பட வேண்டாம்" என்று மாத்திரை எழுதினார். காலையில் வெளிச்சத்தில் நடக்கச் சொன்னார். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை வர வேண்டும், நடுவில் ஓடி வரக்கூடாது என்றார். இவர் நடுவிலும் ஓடினார்.

அப்புறம் ஒரு வருஷம் கிளம்பியது வேறு மாதிரி. வருஷா வருஷம் மழைக்காலம் பிறந்ததும் தன் மார்பைத் தானே அளந்து, அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதும் பழக்கம் அவருக்கு உண்டு. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"பாருங்கக்கா. முதல்ல முப்பத்தாறு. அப்புறம் முப்பத்தஞ்சே முக்கால். அப்புறம் முப்பத்தஞ்சரை. இப்ப முப்பத்தஞ்சே கால். உள்ள ஏதோ என்னைத் தின்னுக்கிட்டிருக்கு."

"எடை குறையலையே தம்பி?"

"எடை எலும்புல இருக்கு. கரையறது சதை."

எனக்கே குழம்பிப் போயிற்று. ஆள் பார்க்க அப்படியேதான் இருந்தார். ஆனால் நோட்டில் இருந்த எண்கள் அவர் கையெழுத்துத்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு தொழிற்சாலைக்காரர், எட்டுப் பேரின் அளவைத் தாளில் எழுதி அனுப்பிச் சீருடை தைக்கச் சொல்லியிருந்தார். எட்டும் திரும்பி வந்தன. எல்லாம் தொளதொள. பேன்ட் தரையைக் கூட்டுகிறதாம். அரை இஞ்சு எட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணும் போச்சு. மூளையிலதான் என்னமோ" என்றார். பக்கத்துத் தெரு டெய்லரை, காலர்க்காரர் என்போம், வந்து கடையை எடுத்துக்கொள்ளும்படி அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டார். தங்கை எனக்கு ஆள் விட்டாள். நான் குடையும் கையுமாக ஓடினேன்.

நான் போனபோது காலர்க்காரர் வெட்டு மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "இது என் வாசல்ல நுழையுமா?" என்றார்.

"நாலடி. நான் சொல்லிச் செஞ்ச மேஜை" என்றார் இவர்.

காலர்க்காரர் தன் டேப்பை வைத்துப் பார்த்தார். "நாப்பத்தெட்டு. சரிதான்."

தன் கண்ணைச் சோதிக்கவோ என்னவோ, இவரும் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து வைத்தார். "நாப்பத்தேழுன்னு தெரியுது எனக்கு. பாத்தீங்களா அக்கா, கண்ணு போச்சு."

காலர்க்காரர் குனிந்து பார்த்தார். "எனக்கும் நாப்பத்தேழுதான் தெரியுது."

"ஏங்க, மழைக்கு மேஜையுமா மெலிஞ்சு போச்சு?" என்றாள் என் தங்கை.

காலர்க்காரர் இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். தொடக்கத்தில் ஒன்றாகப் போன கோடுகள் போகப் போக விலகின. கடைசியில் இவருடையது ஒரு இஞ்சுக்கு மேலேயே நீண்டு நின்றது.

"எத்தனை வருஷமாய்யா இதை வெச்சிருக்கீங்க?"

"பதினோரு வருஷம். புதுசு கழுத்துல நிக்காது, வழுக்கும்."

"இழுத்து இழுத்து நீட்டி வெச்சிருக்கீங்க! இதுல ஒவ்வொரு இஞ்சும் நீண்டு கிடக்கு. ஆளை அளந்ததும் இதுல, துணியை வெட்டினதும் இதுல. அதனால தைச்சதெல்லாம் சரியா இருந்திருக்கு. அடுத்தவன் எழுதிக் குடுத்த அளவுக்கு வெட்டினதுதான் பெருசாயிடுச்சு. உங்க மார்பு இதுல குறையாம என்ன செய்யும்?"

எனக்குப் பாதிதான் புரிந்தது. காலர்க்காரர் தன் டேப்பால் இவர் மார்பைச் சுற்றினார். முப்பத்தாறு.

தங்கை அழுதுவிட்டாள். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய டேப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தோம்.

"அப்ப டாக்டரம்மாவோட பிரஷர் மிஷின்? அதை யாராவது வேற ஒண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்களா?"

காலர்க்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "என்னால ஆகாது சாமி. கடை வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

இவர் வாயைத் திறப்பதற்குள் தங்கை, வெட்டு மேஜைமேல் கிடந்த சாக்கட்டியை எடுத்து மேஜையிலேயே எழுதினாள்: மழை நிற்கும்வரை கடை பேச்சு இல்லை. "வெயில் வரட்டும். அப்பவும் இவர் குடுக்கறேன்னு சொன்னா நானே மேஜையைத் தூக்கிட்டு வந்து தரேன், அண்ணே" என்றாள்.

"உங்களுக்குச் சரிதானா?" என்று காலர்க்காரர் இவரைக் கேட்டார்.

"எனக்கு எது சரின்னே தெரியலை. அவ சொல்றபடி இருக்கட்டும்" என்றார் இவர்.

மறுநாள் போனேன். கழுத்தில் புது டேப்பு. அது வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. கால் மிதிக்கவில்லை. டேப்பு பொய் என்று தெரிந்த பிறகு இந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. "திங்கட்கிழமை போகும்போது இதைக் கேளுங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். நடுவில் ஓடாமல் அதுவரைக்கும் பொறுத்திருந்தார். அதுதான் முதல் தடவை.

அந்த மழை இன்னும் ஏழு வாரம் பெய்தது. வெயில் வந்த மூன்றாம் நாள் காலர்க்காரர் வாசலில் நின்று, "என்ன, மேஜையைத் தூக்கவா?" என்றார். "உங்க வாசல்ல அது நுழையாது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அதன் பிறகு ஆறு மழைக்காலம் போய்விட்டது. ஆறிலும் அவர் இறங்கினார், ஏறினார். மழை பிறந்ததும் தங்கை மேஜையில் அதே வரியை எழுதிவிடுகிறாள். இப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. அதே முன்னறையில் தைக்கிறார். இன்று மாதத்தின் முதல் திங்கள், டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார்.