அண்ணி மறைத்த புண்

அன்று கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டில் அண்ணி, இடது காலைப் புடவைக்குள் மடக்கி உட்கார்ந்தபடியே எனக்குச் சோறு போட்டார். ரசத்தைக்கூட அண்ணனைத்தான் எடுத்துவரச் சொன்னார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திருவண்ணாமலையில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். சர்க்கரை உள்ளவர்கள் காலை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் யாருக்காவது சொல்கிறவன். அன்றும் சொன்னேன். வெறுங்காலோடு கிரிவலம் போய்ப் புண்ணோடு கடைக்கு வந்த ஒருவரின் கதையைச் சோற்றைப் பிசைந்துகொண்டே விவரித்து, தெரிந்தும் இப்படிச் செய்வது பக்தி இல்லை, திமிர் என்றேன். அண்ணி மோர் ஊற்றினார்.

அதற்குச் சில நாள் முன்பு, பௌர்ணமியன்று, சர்க்கரை உள்ள அண்ணியும் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்திருந்தார். கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து புண்ணாகி, யாரோ விற்ற பச்சிலைப் பொடியை அதில் வைத்துக் கட்டியிருந்தார். காய்ச்சலில் துவண்டுபோனவரை அண்ணன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்த பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று நான் மறுபடியும் ஆரம்பித்தேன். ஒரு போன் செய்திருக்கலாமே, இவ்வளவு அலட்சியமா என்றெல்லாம். அண்ணி முழுக்கக் கேட்டார்.

"முடிச்சிட்டியா தம்பி?" என்றார். "அன்னிக்கு உங்கிட்ட சொல்லத்தான் இருந்தேன். நீ திமிருன்னு சொன்னதும் வாயை மூடிக்கிட்டேன். நான் மருந்து கேக்கணும்னு இருந்தேன், நீ தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்ட."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எதற்கும் ஆதாரம் கேட்பவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் ஒரு கை தூரத்தில் மடங்கியிருந்த காலைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சொன்னது சரிதான், இன்றும் சரிதான். அந்தச் சரியைச் சொன்ன விதத்தில், எனக்குத் தெரியவேண்டிய உண்மையை நானே விரட்டிவிட்டேன்.

அண்ணி வீடு திரும்பிய பிறகு முதல்முறையாக அவரிடம், ஏன் கிரிவலம் போகிறீர்கள் என்று கேட்டேன். வேண்டுதல் ஏதாவது சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். "அந்த நாலு மணி நேரம் யாரும் என்னை எதுக்கும் கூப்புட மாட்டாங்க" என்றார். இருபது வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டு, அவரை அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். புண் ஆறியதும் மெத்தென்ற ஷூ போட்டுக்கொண்டு நடப்பது என்று அவரேதான் முடிவு செய்தார். சாமி கோவிச்சிக்காது என்பதையும் அவரே சொல்லிக்கொண்டார்.

எல்லா இடத்திலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பொடி விற்றவனைத் தேடிப்போய் முகத்துக்கு நேரே கேட்டேன், அதற்காக வருத்தமில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது, "எத்தனை நாளா மாத்திரை போடல?" என்று மட்டும் கேட்கிறேன். அவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள். இதை எனக்குக் கொடுத்தவர் அண்ணி. அதற்கு அவர் இழந்தது பெரிது.

போன வாரம் காலையில் போன் செய்தார். செருப்பில்லாமல் வேர்க்கடலைக் களத்துக்குப் போனதையும், குதிகாலில் வெடிப்பு விட்டிருப்பதையும் அவராகவே சொன்னார். எப்போதிலிருந்து என்றேன்.

"நேத்துலேர்ந்துதான். வந்து பாத்துட்டுப் போறியா?"

நேற்றிலிருந்துதான். பக்கத்துக் கடைக்காரரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.