ஒன்றேமுக்கால் கோச்சியும் அப்பாவின் நித்திரையும்

மத்தியானம் சாப்பிட்டபின் இருபது நிமிடம் கண்ணயர்வது உடம்புக்கு நல்லதாம். கைத்தொலைபேசியில் எங்கோ வாசித்துவிட்டு என் மகள் அதை எனக்குப் புதுச் செய்தியாகச் சொல்கிறாள். அட, போ பிள்ளை! எங்கள் வெள்ளவத்தை வீட்டில் எனக்கு எட்டு வயதாக இருந்தபோதே அது சட்டம்.

சட்டத்தைப் போட்டவர் காலி வீதியில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர். அப்பாவுக்குப் பிரஷர் ஏறியபோது உப்பைக் குறைக்கச் சொன்னார், கோபத்தைக் குறைக்கச் சொன்னார், பகலில் சிறிது நேரம் படுக்கச் சொன்னார். முதல் இரண்டையும் அப்பா டிஸ்பென்சரியிலேயே விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இருவது நிமிஷம் படுத்தால் தலை தெளியும், நெஞ்சு ஆறும், பின்னேர வேலை ஓடும். அரை மணித்தியாலத்தைத் தாண்டினால் அது சோம்பல்," என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வைத்தியம் சொல்வார். கிழமை நாட்களில் கோட்டைப் பகுதியிலிருந்த அரசாங்கக் கந்தோரில் மேசையிலேயே தலை சாய்ப்பாராம். சனி, ஞாயிறுகளில் எங்கள் முன்னறைச் சாய்மனைக் கதிரை.

எழுப்புவது என் வேலை. படுக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் தருவார். இரண்டு நிமிடத்தில் குறட்டை தொடங்கிவிடும். இருபதாவது நிமிடம் நான் காலைப் பிடித்து உலுக்க வேண்டும். ஒரு தரம் உலுக்கினால் எழும்புகிற ஆளில்லை, மூன்று தரம் வேண்டும். ஆனால் நேரத்துக்கு முன் எழுப்பிவிட்டாலோ, "பலனெல்லாம் போச்சு" என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். வீட்டில் ஒரு மேசைக் கடிகாரமும் இருந்தது. அது நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும்.

அந்த வருடம் அப்பாவுக்குச் சிங்களப் பரீட்சை வந்தது. அரசாங்க வேலையிலிருந்த தமிழர்கள் அதைப் பாஸ் பண்ணியே ஆகவேண்டும் என்றிருந்த காலம். அப்பா இரண்டு முறை எழுதித் தவறியிருந்தார். இதிலும் தவறினால் வேலையை விட்டு இறங்க வேண்டியதுதான். வீட்டு வாடகையும் எங்கள் பள்ளிக்கூடமும் அந்த வேலையில்தான் நின்றன. அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"பாண்காரனோட என்ன மாதிரிச் சிங்களம் கதைக்கிறியள்! மீன்காரன் உங்கட பகிடிக்குச் சிரிச்சுப்போட்டுத்தான் போறான். சோதனைக்குப் போனால் மட்டும் வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?"

அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, பொரளையில். அன்று காலை அப்பா வழக்கம்போலப் பேப்பரை மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் வாசித்து முடித்தார். அம்மா வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக் கொழுவினார். சமைத்து வைத்துவிட்டு, சுகமில்லாமலிருந்த பெரியம்மாவைப் பார்க்கத் தம்பியையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டார். "அப்பாவை எழுப்ப மறந்தியோ, தோலை உரிச்சுப்போடுவன்," என்று படலையில் நின்று சொன்னார்.

சாப்பிட்டபின் அப்பா கதிரையில் சாய்ந்தார். நான் கையை நீட்டினேன். அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை.

"இண்டைக்குக் கோச்சியைப் பார் பிள்ளை. ஒண்டேமுக்கால் கோச்சி போனதும் எழுப்பு."

எங்கள் ஒழுங்கை கடற்கரை ரயில் தண்டவாளத்தில் போய் முடியும். கோச்சி போனால் குசினியில் கோப்பைகள் கிலுகிலுக்கும். இதிலென்ன கஷ்டம் என்று வாசற்படியில் குந்தினேன். இரத்மலானைப் பக்கமிருந்தும் வரவில்லை, கோட்டைப் பக்கமிருந்தும் வரவில்லை. ஒருவர் குடையை விரித்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவே ஆறுதலாக நடந்து போனார். வெயில் படியை விட்டு இறங்கியது.

உள்ளே போய்ப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். குறட்டை இல்லை. கால் பெருவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் கிட்டப் போனதும் அதுவும் நின்றுவிட்டது. சரி, ஆழ்ந்த நித்திரை, கோச்சி வரமுன் எழுப்பி ஏன் பேச்சு வாங்க வேண்டும் என்று திரும்பி வந்தேன்.

அம்மா வந்தபோது மணி மூன்றரை.

"ஐயோ! இஞ்சேருங்கோ!"

அந்த ஒரு சத்தத்திலேயே அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"கோச்சி வரேல்லையம்மா," என்றேன்.

"வராட்டில் பக்கத்து வீட்டில மணி கேக்கத் தெரியாதோ, அறிவு கெட்டவளே!"

முதுகில் இரண்டு விழுந்தன. மூன்றாவதற்குள் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துவிட்டார். "பிள்ளையை அடியாதையும். அவளில பிழையில்லை." வெள்ளைச் சட்டை கொழுவின இடத்திலேயே தொங்கியது.

சில மாதங்களில் அப்பா வேலையிலிருந்து இறங்கினார். மருதானையில் ஒரு தமிழ் அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் போனார். அம்மா அயலாருக்குச் சட்டை தைத்தார். தையல் மெஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வாசற்படிக்குப் போய்விடுவேன். எல்லாம் என்னால் வந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த தைமாதம் பள்ளிக் கொப்பிகளுக்குப் பழைய பேப்பரில் உறை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தாளின் மூலையில் சின்ன அறிவித்தல். தண்டவாளத் திருத்த வேலை, சனிக்கிழமை நண்பகல் முதல் மாலை வரை வெள்ளவத்தை ஊடாகப் புகையிரதம் ஓடாது. மேலே திகதியைப் பார்த்தேன். அதே சனிக்கிழமைக் காலைப் பேப்பர்!

பாய்ந்துகொண்டு முன்னறைக்கு ஓடினேன். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிற நேரம்.

"அப்பா, அண்டைக்குக் கோச்சி ஓடாதெண்டு பேப்பரிலயே போட்டிருக்கு! என்னில பிழையில்லை!"

அப்பா தாளை வாங்கினார். வாசிக்கவில்லை, பார்த்தார்.

"அம்மாட்டைக் காட்டினனியோ?"

"இன்னும் இல்லை."

"காட்டாதை."

நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "உன்னில ஒருநாளும் பிழையில்லை, குஞ்சு," என்றார். எனக்கோ ஆத்திரம் பொங்கியது. அடி வாங்கியவள் நான், சாட்சியைக் கண்டுபிடித்தவளும் நான், அதை ஏன் ஒளிக்க வேண்டும்? அழுகையும் வந்துவிட்டது.

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுச் சாய்ந்தார். இரண்டு நிமிடத்தில் குறட்டை வந்தது. இருபதாவது நிமிடம் காலைப் பிடித்தேன். எழுப்ப மூன்று தரம் உலுக்க வேண்டியிருந்தது.