மாஸ்டரின் வலது கால்

டிவியில் கதாநாயகன் மலைப்பாதையில் காரை ஒடித்துத் திருப்பினால் சோபாவில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் பிரேக் போடுவார். லிப்ட் இறங்கும்போது போடுவார். பல் டாக்டரின் நாற்காலி சட்டென்று பின்னுக்குச் சாய்ந்தால் அதற்கும் ஒரு மிதி. மனைவி கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து வேகமாக வந்தால், "மெதுவா, மெதுவா, செகண்ட் கியர்" என்று வாய் சொல்லும். வலது கால் அதற்கு முன்பே மிதித்து முடித்திருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுத்தருகிறார். பயிற்சி வண்டியில் மாஸ்டரின் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. "கத்துக்கறவங்க மேல நான் ஏறி உக்காந்த மாதிரி இருக்கக் கூடாது சார், அவங்களுக்கும் கொஞ்சம் காத்து வேணும்" என்று தன் இருக்கையை முடிந்த மட்டும் பின்னால் தள்ளிவைத்திருப்பார். கால் சரியாக எட்டாது. கட்டைவிரல் நுனியால் எட்டி, பூப்போல அழுத்துவார். அப்படி அவர் நிறுத்திய வண்டியைத் தாங்களே நிறுத்தியதாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பிடுங்க மாஸ்டருக்கு மனம் வராது.

ஊருக்கெல்லாம் கற்றுத்தந்தவருக்கு வீட்டில் பருப்பு வேகவில்லை. இரண்டாம் நாள் வகுப்பிலேயே மனைவி வண்டியை ஓரம் கட்டினார். "பிரேக்கும் நீங்களே போடறீங்க, ஸ்டியரிங்கையும் நீங்களே திருப்பறீங்க. அப்புறம் நான் எதுக்கு, பாட்டு கேக்கவா?" என்று இறங்கி நடந்தவர், எதிர்த்தெரு ஸ்கூலில் சேர்ந்து முதல் தேர்விலேயே லைசென்ஸோடு வந்தார். மாஸ்டருக்கு அது ஆறாத புண். வீட்டுக் காரை மனைவி ஓட்ட, பக்கத்தில் இவர் மிதித்து மிதித்தே காலடி ரப்பர் மேட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. எந்தப் பயணத்திலும் கண்ணை மூட மாட்டார். "நான் தூங்கிட்டா வண்டிய யாரு பாத்துக்கறது?" என்பார். பஸ்ஸில் போனாலும் அதே கவலைதான்.

நாள் முழுக்க அடுத்தவர் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறவருக்குத் தன் வேகம் என்று ஒன்று கிடைப்பது காலை ஐந்தரை மணிக்கு. பூங்காவைச் சுற்றி ஓடுவார். "அங்க பிரேக்கே கிடையாது சார்!" என்று சொல்லும்போது ஐம்பத்தொரு வயது முகத்தில் பள்ளிக்கூடம் விட்ட களை வந்துவிடும். நகரத்தில் வருடாவருடம் நடக்கும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் பதினோரு வருடம் விடாமல் ஓடினார். ஒருமுறைகூட முதல் ஐந்நூறு பேருக்குள் வந்ததில்லை. அதையும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வார்.

அந்த வலது கணுக்காலில்தான் வலி வந்தது. முதல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, மூன்று வாரம் ஓடாதீர்கள் என்றார். ஓடவில்லை, வலி கூடியது. இரண்டாமவர் ஸ்கேன் எடுத்து, கட்டுப் போட்டு, ஆறு வாரம் என்றார். இன்னும் கூடியது. மூன்றாமவர் வயதைக் கேட்டார், பேனாவை மூடினார். "இனிமே எதுக்கு ஓட்டம்? நடங்க, போதும்."

மூன்று பேரும் என்ன வேலை என்று கேட்கத்தான் செய்தார்கள். மூன்று பேருக்கும் மாஸ்டர் ஒரே பதிலைச் சொன்னார்: "உக்காந்த வேலைதான் டாக்டர். ஓட்டறது அவங்க. நான் சும்மா பக்கத்துல இருப்பேன்." சும்மாவாம்! போதாக்குறைக்கு, ஓடாதே என்று சொன்ன ஒவ்வொரு முறையும், காலை நேரம் வீணாகப் போகிறதே என்று அந்த ஐந்தரை மணிக்கே புதிதாக ஒரு வகுப்பைச் சேர்த்துக்கொண்டார். மனிதர் ஓய்வெடுத்த லட்சணம் இது.

மூன்றாம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, ஓடுகிற ஷூவைக் கழுவிக் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். டிவியில் கார் பறந்தபோதுகூட சோபாவில் கால் அசையவில்லை. மனைவிக்கு அதுதான் பயமாகிவிட்டது. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து எண் சொல்வது அவர் வேலை. ஒரு லென்ஸ் சரிவரவில்லையென்றால் அடுத்ததை மாட்டிப் பார்க்கிற ஆள். "இன்னும் ஒரே ஒரு எடம். அங்கயும் முடியாதுன்னா ஷூவ நானே யாருக்காவது குடுத்துடறேன்" என்று ஒரு பிசியோ டாக்டரிடம் இழுத்துப்போனார்.

அந்த டாக்டர் சின்னப் பெண். அவளுடைய அறை ஜன்னல் நாற்சந்தியைப் பார்த்திருந்தது. மாஸ்டரைப் படுக்கவைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, கணுக்காலின் உள்பக்கத்தை ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டுவந்தாள். வெளியே ஒரு டயர் கிறீச்சிட்டது. கையிலிருந்த கால் விசுக்கென்று முன்னே அழுத்தியது.

"கால தளர்த்தி விடுங்க சார்."

"விட்டுட்டேனே டாக்டர்."

ஒரு லாரி ஹாரன். மறுபடி ஒரு மிதி. டாக்டர் காலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். மனைவியிடம் கையைக் காட்டி ஜன்னலை அகலத் திறக்கச் சொன்னாள். காலைப் பிடித்தபடியே ஐந்து நிமிடம் எண்ணினாள். பத்தொன்பது மிதி.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"உக்காந்த வேலைதான்..."

அதற்குமேல் மனைவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவர் பேச்ச நம்பாதீங்க டாக்டர். கீழ வாங்க, எங்க கார்ல ஒண்ணு காட்டறேன்."

மூவரும் காருக்குள் தலையை நீட்டி ரப்பர் மேட்டின் ஓட்டையைப் பார்த்தார்கள். டாக்டர் அதில் ஒரு விரலை விட்டே பார்த்தாள்.

"ஓடினதால வந்தது இல்ல சார் இது. குதிகால் தரையில படாம, நுனிவிரலாலயே எட்டி எட்டி மிதிச்சிருக்கீங்க. கணுக்காலுக்குப் பின்னாடி போற தசைநாண் இழுபட்டு இழுபட்டு வீங்கியிருக்கு."

"அப்போ நான் ஓடலாமா?"

"எட்டு வாரம் நான் சொல்ற பயிற்சியச் செய்யுங்க. சீட்ட முன்னால தள்ளுங்க, முழுப் பாதத்தையும் வச்சு மிதிங்க. முக்கியமா, இல்லாத பிரேக்க மிதிக்காதீங்க. அப்புறம் தாராளமா ஓடுங்க."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வாசலில் எதிர்ப்பட்ட, பக்கத்து வீட்டுக்காரனான என்னையும் மடக்கி நிறுத்தினார். "மூணு டாக்டர் கால்லயே தேடினாங்க சார், அது மேட்ல இருந்திருக்கு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சிரிப்பு மறுநாள் காலைவரைதான். வைத்தியத்தை மனைவி கையில் எடுத்துக்கொண்டார். லிப்டில் இறங்கினால் முழங்காலைப் பிடித்துக்கொள்வார். டிவியில் கார் வந்தால் "கால்!" என்று ஓர் அதட்டல். தன் காரில் ஏறினால் செருப்பைக் கழற்றி, பெல்ட்டைப் போட்டு, இருக்கையில் சம்மணமிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு. "என்னை என்ன பார்சல்னு நெனச்சியா, மடிச்சு வைக்க?" என்று மாஸ்டர் முறுக்கிக்கொண்டார். பிறகு ஷூ இருக்கும் மேல்தட்டை நினைத்துக்கொண்டு காலை மடித்தார். முதல் வாரம் முழுக்க அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டு மாதத்தில் வலி போனது. பூங்காவில் முதல் சுற்று ஓடி முடித்த காலையில், அந்தப் பிசியோ டாக்டருக்கு அவர் போனில் பேசியது தெருமுனைவரை கேட்டது.

பன்னிரண்டாம் வருட ஓட்டத்தில் எழுநூற்று நாற்பத்து மூன்றாவதாக வந்தார். அவர் வந்ததிலேயே ஆகப் பின்தங்கிய இடம் இதுதான். ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுத்த பதக்கத்தைக் கழற்ற மாட்டேன் என்று கழுத்தில் போட்டபடியே மனைவியின் காரில் ஏறி, யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டார். பாலத்தைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

சந்தியில் ஒரு லாரி சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே மூக்கை நீட்டியது. மனைவி பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். லாரியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சம்மணம் கலையாமல், அந்தக் கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.